கையில் இரண்டே இரவு: கொர்தோபாவா, கிரனாடாவா?

ஸ்பெயின் போகிறவர்கள் பலர் மத்ரித்தையும் பார்சிலோனாவையும் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நாளைத் தெற்கே அந்தாலூசியாவுக்கு ஒதுக்குவார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கும். "ரெண்டு ராத்திரிதான் இருக்கு, கொர்தோபா போறதா கிரனாடா போறதா?" என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டாயிற்று. இரண்டு ஊருக்கும் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஆகஸ்டில், நண்பர்களோடு. அடுத்தது மார்ச்சில், முழங்கால் வலிக்கார அம்மாவோடு. தெருக்கள் அதேதான், ஆனால் முதல் தடவை எரிச்சல் மூட்டிய ஊர் இரண்டாம் தடவை மனசில் ஒட்டிக்கொண்டது. ஆகவே கேட்பவரைப் பார்த்து என் பதிலும் மாறும். ஒன்று மட்டும் மாறாது: கிரனாடாவின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட் கைக்கு வராமல் அங்கே அறை போட வேண்டாம்.

இரண்டுமே 'மூர்கள் ஆண்ட ஊர்' என்று ஒரே வரியில் வந்தாலும், பார்க்கப்போவது இரண்டு வேறு காலங்கள். 711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த முஸ்லிம் படை சில வருஷத்திலேயே கொர்தோபாவைத் தலைநகராக்கிக்கொண்டது. பத்தாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் அதற்கு ஈடான நகரம் கிடையாது. 1236-ல் வடக்கிலிருந்த கிறிஸ்தவ அரசான காஸ்டீலின் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ அதைப் பிடித்தார். இரண்டே வருஷம் கழித்து, 1238-ல், கிரனாடாவுக்குள் வந்த முகமது இப்னு அல் அஹ்மர் ஊருக்கு எதிரே இருந்த குன்றில் அல்ஹம்ப்ராக் கோட்டை வேலையைத் தொடங்கினார். அதாவது கொர்தோபா கைவிட்டுப் போன பிறகு எழும்பியது அல்ஹம்ப்ரா. அவர் வம்சமான நஸ்ரித்துகள் காஸ்டீலுக்குக் கப்பம் கட்டிக் கட்டியே 1492 ஜனவரி 2 வரை தாக்குப்பிடித்தார்கள். இந்த வித்தியாசம் சுவரிலேயே தெரியும். கொர்தோபாவில் கல்லும் பளிங்கும் வாரி இறைத்திருக்கும். கிரனாடாவில் செங்கல், மரம், அதன்மேல் சுதை. மலிவான சாமானில் செய்த வேலைதான் அது. ஆனால் அதைச் செய்த கைகள் மலிவானவை அல்ல.

கொர்தோபா: ஒரே கட்டடம், ஆனால் அது போதும்

கொர்தோபாவில் மெஸ்கீட்டாவைத் தவிர மற்றதெல்லாம் துணைக்கு இருப்பவை. தமாஸ்கஸை ஆண்ட குடும்பமே வெட்டுப்பட, தப்பி ஓடிவந்த உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான், 785-ஐ ஒட்டித் தொடங்கிய பள்ளிவாசல் இது. பின்னால் வந்தவர்கள் இருநூறு வருஷம் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார்கள். இன்றைக்கு உள்ளே நிற்பவை 856 தூண்கள்.

முதலில் கட்டியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இடிந்துபோன ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்கள் குட்டையானவை. உயரமும் ஒன்றுபோல் இல்லை. இவ்வளவு பெரிய கூடத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் மூச்சு முட்டும். அதனால் தூணுக்கு மேலே ஒரு தூணை நிறுத்தி, கீழே ஒரு வளைவு, மேலே ஒரு வளைவு என்று இரட்டையாகத் தூக்கினார்கள். படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை, செங்கல்லும் வெளிர்க்கல்லும் மாற்றி மாற்றி அடுக்கியதால் வந்தது. ஆனால் கிழக்குப் பக்கம், 987-ல் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சூர் விரிவாக்கிய பகுதிக்குப் போய் வளைவுகளை உற்றுப் பாருங்கள். அங்கே செங்கல் கிடையாது. முழுக்கக் கல், அதன்மேல் சிவப்புச் சாயம். அவசரமோ சிக்கனமோ, சாயத்தால் சமாளித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்துக் கழுத்தை ஒடித்துப் பார்க்கிறவனுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

மெக்கா திசை காட்டும் மிஹ்ராப் மாடத்தின் முகப்பில் இருக்கும் பொன் மொசைக், பைசாந்தியப் பேரரசர் அனுப்பிய கைவினைஞரின் உதவியோடு கலீஃபா இரண்டாம் ஹகம் காலத்தில் செய்தது. எல்லாரும் அதன் முன்னால்தான் நெருக்கியடிப்பார்கள். அங்கிருந்து திரும்பி நடந்தால், தூண் காட்டுக்கு நடுவில் திடுமென்று ஒரு முழு கதீட்ரல் வானத்துக்கு எழும்பி நிற்கும். 1523-ல் பிஷப் மன்ரிக்கே பள்ளிவாசலின் நடுவயிற்றைக் கிழித்து அதைக் கட்டத் தொடங்கினார். நகர சபை எதிர்த்தது. அந்த வேலையில் கை வைப்பவருக்கு மரண தண்டனை என்றே அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிஷப் பக்கம் நின்றார். பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு, எங்கும் இல்லாததை உடைத்து எங்கும் இருப்பதைக் கட்டிவிட்டீர்களே என்று அவரே நொந்துகொண்டதாக ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, அதே சார்லஸ் 1527-ல் அல்ஹம்ப்ராவுக்குள் ஒரு பகுதியை இடித்துத் தனக்கு அரண்மனை கட்டத் தொடங்கினார். இரண்டு ஊரையும் பார்ப்பவர்கள் இந்த மனிதரை இரண்டு தடவை சந்திக்க நேரும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இது இப்போது கத்தோலிக்கத் தேவாலயம். உள்ளே தொழ அனுமதி இல்லை. முயன்றால் காவலர்கள் நிறுத்திவிடுவார்கள். மனதைத் தயார்படுத்திக்கொண்டு போவது நல்லது.

முற்றத்தில் வரிசையாக ஆரஞ்சு மரங்கள். மார்ச்சில் போனபோது பழம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கீழே கிடந்த ஒரு இலையை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தாள். "டேய், இது நார்த்தங்கா மாதிரின்னா இருக்கு. வேப்பிலைக்கட்டி இடிக்கலாம் போலிருக்கே!" முழுத் தப்பில்லை. அது கசப்பு ஆரஞ்சு. பறித்துத் தின்ன முடியாது. ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு 'நரான்ஹா' என்று பெயர். அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. அதற்கும் பின்னால் நம் நார்த்தையோடு உறவுள்ள ஒரு திராவிட வேர் இருக்கக்கூடும் என்பது மொழியியலாளர் கருத்து. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா இரண்டாவது இலையைப் பர்சில் வைத்துவிட்டிருந்தாள்.

மற்றவை அரை நாள் வேலை. யூதர் தெருவில் 1315-ல் கட்டிய சின்ன ஜெப ஆலயம். ஸ்பெயினில் அதிகம் சிதையாமல் மிஞ்சிய இடைக்கால யூத ஆலயங்களில் ஒன்று; பெயர்பெற்ற இன்னும் இரண்டு தொலேதோவில். பக்கத்துச் சதுக்கத்தில் யூதத் தத்துவஞானி மைமோனிடீஸ் சிலை. அவரும் முஸ்லிம் தத்துவஞானி இப்னு ருஷ்தும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்தவர்கள். குவாதல்கிவீர் ஆற்றின் ரோமானியப் பாலத்தைச் சாயங்காலம் நடந்து கடக்கலாம். கரையில் ஒரு பழைய நீர்ச்சக்கரம் இருக்கிறது. அது போட்ட கிறீச் சத்தத்தில் தூக்கம் போய், ராணி இசபெல் அதைக் கழற்றிவிடச் சொன்னாராம்.

எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெதினா அசாராவுக்கு ஒரு காலைப்பொழுது தனியாக வேண்டும். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-ல் தொடங்கிய அரண்மனை நகரம்; எண்பது வருஷம்கூட வாழாமல் உள்நாட்டுச் சண்டையில் அழிந்தது. இடிபாடுகளில் மனம் லயிக்கிறவர்கள் போகலாம். நிழல் குறைவு. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

கிரனாடா: மணி பார்த்து நுழைய வேண்டிய அரண்மனை

மெஸ்கீட்டாவில் நாங்கள் போனபோது நினைத்த நேரத்தில் நுழைந்தோம், ஒரு மூலையில் உட்கார்ந்தோம், யாரும் துரத்தவில்லை. அல்ஹம்ப்ரா அப்படி இல்லை. டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். நஸ்ரித் அரண்மனைகளுக்கு மட்டும் நுழைய அரை மணி நேர அவகாசம் ஒன்று குறித்துக் கொடுப்பார்கள். அது தவறினால் தவறியதுதான். நல்ல சீசனில் வாரக்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும்.

முதல் தடவை நாங்கள் செய்த முட்டாள்தனம் இது. எங்கள் நேரம் பன்னிரண்டரை. 'நிறைய நேரம் இருக்கே' என்று மேல் வாசல் வழியாக ஹெனராலிஃபே தோட்டத்துக்குப் போய்விட்டோம். பன்னிரண்டே முக்கால் வரை ரோஜாச் செடி நடுவில் போட்டோ. அங்கிருந்து அரண்மனை வாசல் கால் மணி நேரத்துக்கு மேல் நடை என்பது, அம்புக்குறிப் பலகையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆகஸ்ட் வெயிலில் ஓடி, நேரம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது நுழைந்தோம். முதல் அறையில் சுவரைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கினோம். ஆகவே அரண்மனை முதலில், தோட்டம் பிறகு. டிக்கெட் முன்பே எடுத்தவர்கள் கீழே நீதி வாசல் வழியாகவே ஏறி நேராக அரண்மனைப் பக்கம் போகலாம். அந்த வாசல் வளைவின் மேல் செதுக்கிய கையையும் சாவியையும் பார்க்கத் தவறாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், எழுத்து, மரம், தண்ணீர் என்று மூன்றே வார்த்தையில் சொல்லிவிடலாம். 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்ற நஸ்ரித்துகளின் வாசகம் சுவர் சுவராக, பட்டை பட்டையாக ஓடும். கப்பம் கட்டிய அரசு தன் சுவரில் அதைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருப்பதை என்னவென்று சொல்வது. சில அறைகளில் கவிதை. இரு சகோதரிகள் கூடத்தில் இப்னு ஸம்ராக்கின் வரிகளில் அந்தக் கூடமே, அழகு சூடிய தோட்டம் நான் என்று தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. கோமாரெஸ் கோபுரத்துத் தூதர் கூடத்தில் அண்ணாந்தால், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களைக் காட்டியிருப்பார்கள். சிங்க முற்றத்தில் பன்னிரண்டு கல் சிங்கங்களைச் சுற்றி 124 மெல்லிய தூண்கள். கூட்டம் அதிகம். ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், முற்றத்தின் ஓரத்தில் ஒதுங்கிப் பத்து நிமிஷம் நின்றால் அலை அலையாக நடுவே ஒரு வெற்றிடம் வரும்.

தண்ணீர்தான் எனக்கு இங்கே பெரிய ஆச்சரியம். தாரோ ஆற்றை மேலே ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் மறித்து, மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, குன்றின் தலைக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'அசேக்கியா'. சாகியா என்ற அரபிச் சொல்தான். பம்பு எதுவும் இல்லாத காலத்தில், மட்டம் பார்த்து விட்ட சரிவின் ஓட்டத்திலேயே நீரூற்றுகள் பீய்ச்சின. ஹெனராலிஃபேயின் மேல்கோடியில் ஒரு படிக்கட்டு. அதன் இரு பக்கக் கைப்பிடிச் சுவரின் மேலேயே காடி வெட்டித் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். கையை வைத்துக்கொண்டே இறங்கினால் விரலிடுக்கில் குளிர்ந்த நீர் வழிந்துகொண்டே கூட வரும். ஓடிவந்த களைப்பெல்லாம் எனக்கு அங்கேதான் இறங்கியது.

ஊரும் நன்றாகவே இருக்கும். எதிர்க்குன்றின் அல்பைசின் பழைய முஸ்லிம் குடியிருப்பு. கூழாங்கல் பதித்த சந்துகள், மதில் மறைத்த தோட்ட வீடுகள். சாயங்காலம் எல்லாரும் சான் நிக்கோலாஸ் மேடைக்குப் போவார்கள்: எதிரே சிவந்த அல்ஹம்ப்ரா, பின்னால் பனி மூடிய சியெரா நெவாடா. காட்சி உண்மையிலேயே பெரிது, ஆனால் நிற்க இடம் இருக்காது. ஒட்டினாற்போலவே 2003-ல் திறந்த பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு கிரனாடாவில் எழுந்தது. அதன் தோட்டம் திறந்திருக்கும் நேரமாக இருந்தால் அதே காட்சியை அமைதியாகப் பார்க்கலாம். கீழே கதீட்ரலைச் சுற்றி ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிக்கும் பெண்கள் வருவார்கள். வாங்கிக்கொண்டால் கைரேகை பார்த்துவிட்டுக் காசு கேட்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடங்கள்.

வெயில், முழங்கால், வயிறு

ஜூலை, ஆகஸ்டில் கொர்தோபா வேண்டவே வேண்டாம். 2017 ஜூலையில் அங்கே 46.9 டிகிரி பதிவானது. சென்னைக்காரனுக்கு வெயிலா என்று வீம்பாகப் போய்த்தான் நான் நொந்தேன். மதியம் இரண்டு மணிக்குக் கடைகள் கதவைச் சாத்தும். தெருவில் நாய்கூட இருக்காது. கிரனாடாவிலும் பகலில் காயும், ஆனால் ஊர் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு இறங்கிவிடும். குளிர்காலத்தில் இது தலைகீழ், கொர்தோபாதான் தேவலை. மே மாத முதல் பாதியில் கொர்தோபாவில் வீட்டு முற்றங்களைத் திறந்துவைக்கும் பூத்தொட்டித் திருவிழா நடக்கும். அழகு, ஆனால் அறை வாடகை எகிறும்.

முழங்காலைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. கொர்தோபா தட்டை. மெஸ்கீட்டாவுக்குள் பெஞ்சு உண்டு. அம்மா இரண்டு மணி நேரம் சாவகாசமாகச் சுற்றினாள். அல்ஹம்ப்ரா மூன்று நான்கு மணி நேர நடை, ஏற்ற இறக்கம் வேறு. அல்பைசினின் கூழாங்கல் செருப்பைத் தாண்டிக் குத்தும். குட்டிப் பேருந்துகள் மேலே வரை போகின்றன. வயதானவர்களோடு போனால் அதில்தான் ஏற வேண்டும். வீம்பு வேண்டாம்.

சைவர்களுக்கு: கொர்தோபாவின் சால்மோரேஹோ என்பது தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த கெட்டியான குளிர்ந்த குழம்பு. மேலே முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவித்தான் கொடுப்பார்கள். 'சின் ஹமோன், சின் வேவோ' என்று முன்பே சொல்லிவிடுங்கள். கத்தரிக்காயை மெலிசாகப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றித் தருவது இன்னொன்று. அம்மாவுக்குக் கத்தரிக்காயில் வெல்லம் என்பதே ஒவ்வவில்லை, ஆனால் தட்டைக் காலி செய்தாள். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு தாப்பாஸ் காசில்லாமல் வரும். இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒரு இரவுச் சாப்பாடே. சைவர்களுக்கு ஆலிவும் உருளைக்கிழங்கும்தான் மாறி மாறி வந்தது.

செவில் எங்கே போயிற்று?

செவில் பெரிய ஊர், அதற்கே தனியாக இரண்டு இரவு வேண்டும்; அதனால்தான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அல்ஹம்ப்ரா டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு அங்கே ஒரு நல்ல மாற்று உண்டு. 1364-ல் கிறிஸ்தவ மன்னர் முதலாம் பெத்ரோ அங்குள்ள அல்காசரில் அரண்மனை கட்டியபோது, அவருடைய நண்பரான கிரனாடா சுல்தான் ஐந்தாம் முகமது தன் கைவினைஞர்களை அனுப்பினார். சிங்க முற்றத்தைக் கட்டிய அதே சுல்தான். அதனால் அதே சுதை, அதே ஓடு, அதே வாசகம்கூடச் சுவரில் இருக்கிறது. அரபி எழுத்து பெத்ரோவைச் சுல்தான் என்றே அழைக்கிறது. பக்கத்தில் 1198-ல் முடிந்த கிரால்டா மினார், இப்போது தேவாலய மணிக்கூண்டு. படிகளுக்குப் பதிலாகச் சாய்தளமாகவே மேலே போகலாம் என்பதால் அம்மாகூட முக்கால்வாசி ஏறினாள்.

அல்ஹம்ப்ராவில் அரண்மனை இல்லாமல் தோட்டமும் கோட்டையும் மட்டும் பார்க்க ஒரு டிக்கெட் கிடைக்கும். அதை எடுப்பது கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்புவதுபோல. அதற்கு செவில் எவ்வளவோ மேல்.

என் கணக்கு இப்படி. அரண்மனை டிக்கெட் கையில் இருந்து, காலும் நன்றாக இருந்தால் இரண்டு இரவும் கிரனாடா. டிக்கெட் இல்லையென்றால் ஒரு இரவு கொர்தோபா, ஒரு இரவு செவில். நடுவே ரயிலில் முக்கால் மணி நேரம்தான். மத்ரித்திலிருந்து வருகிறவர்கள், டிக்கெட்டும் இருந்து கோடையும் இல்லையென்றால், முதல் இரவு கொர்தோபா, அடுத்தது கிரனாடா என்று பிரித்துக்கொள்ளலாம். மத்ரித்திலிருந்து கொர்தோபா விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து கிரனாடாவுக்கு நேர் ரயில்கள் குறைவு என்பதால் அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். செய்யக்கூடாதது ஒன்று: பெட்டியை ஸ்டேஷனில் வைத்துவிட்டு மூன்று மணி நேரத்தில் கொர்தோபாவை 'முடிப்பது'. பகல் பதினொன்றுக்கு எல்லாச் சுற்றுலாக் குழுவும் மெஸ்கீட்டாவுக்குள் இருக்கும். நீங்கள் பார்க்கப்போவது தூண்களை அல்ல, வழிகாட்டிகளின் குடைகளை.

அங்கே ஒரு இரவாவது தங்கச் சொல்வது காலை நேரத்துக்காகத்தான். நாங்கள் போனபோது 8.30-லிருந்து 9.30 வரை டிக்கெட் இல்லாமலே உள்ளே விட்டார்கள். குழுக்களுக்கு அந்த நேரத்தில் அனுமதி கிடையாது. விளக்கு குறைவு, ஆள் குறைவு, தூண் மட்டும் நிறைய. ஒன்பதரைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சலுகை இல்லை, அன்று காலையில் பூசை உண்டு. எனவே சனிக்கிழமை இரவு தங்குவதாக அறை போட்டுவிடாதீர்கள்.